நாலு மாதமும் பத்து நாளும்

பாண் விற்க வரும் ஓட்டோவின் பாட்டு அலுவிகாரைச் சந்தியில் கேட்கத் தொடங்கிய நேரம். கைறுன்னிஸாவின் அறை வாசலில் கணவனின் அக்கா ஆஸியா வந்து நின்றாள். கையில் ஒரு கடதாசி.

"இது என்னண்டு சொல்லு புள்ள."

கைறுன்னிஸா தொழுகைப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தலை முதல் கால் வரை வெள்ளை. நாலு மாதமாக அதே இரண்டு வெள்ளை உடுப்புத்தான். ஒன்று கொடியில் காயும்போது மற்றது உடம்பில் இருக்கும். நிமிர்ந்து பார்த்தாள். தலையணை உறைக்குள் வைத்திருந்த பரீட்சை அனுமதி அட்டை!

"மதினி... அது..."

"எனக்கு வாசிக்கத் தெரியாட்டியும் அரசாங்க முத்திரை தெரியும். ஒன்ட பேரும் தெரியும். இத்தா இருக்கிற பொம்பளைக்கு தலகாணிக்குள்ள இது எதுக்கு?"

"புதன்கிழம பரீட்ச தொடங்குது. வந்த கடதாசிய வீசவா முடியும்? வச்சிருந்தேன்..."

"வச்சிருந்தியா! என்ட தம்பி மண்ணுக்குள்ள போய் நாலு மாசம். நீ இங்க நாள எண்ணிட்டு இருந்திருக்க. எப்ப வெள்ளையக் கழட்டலாம், எப்ப பேக்கத் தூக்கிட்டு ரோட்டுக்கு இறங்கலாம் எண்டு!"

அவர்கள் ஊர் வழக்கம் அதுதான். கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இத்தா இருக்க வேண்டும். வெள்ளை உடுத்த வேண்டும், அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. கணவனின் தம்பியும் அந்நியன்தான். அதனால்தான் பக்கத்து வீட்டில் இருக்கும் கொழுந்தன் பாறூக் கூட, சின்ன வயதில் அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன், இந்த நாலு மாதமும் அறைத் திரைக்கு அப்பால் நின்றுதான் பேசினான்.

அன்றைக்கும் அவன் செருமல் சத்தம் திரைக்கு அந்தப் பக்கம் கேட்டது.

"என்ன தாத்தா காலங்காத்தால சத்தம்?" அக்காவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"ஒன்ட மதினிட்டயே கேளு! பரீட்ச எழுதப் போகப் போறாவாம்."

"போறேன் எண்டு நான் சொல்லல்லயே..." என்றாள் கைறுன்னிஸா.

பாறூக் மெதுவாகச் சொன்னான்.

"மதினி, இத்தா டிசம்பர் பன்னெண்டோட முடியிது. சனிக்கிழம. கலண்டர்ல நான்தானே வட்டம் போட்டேன். அண்டைக்கு ஊரையும் கூப்பிட்டிருக்கு. நாலு நாளைக்காக ஊர் வாயில விழணுமா? அடுத்த வருஷமும் பரீட்ச வருமே..."

அடுத்த வருஷம்!

அந்தச் சொல்லை அவள் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினாறு வயதில், பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது, அவளை ஜமால்தீனுக்குப் பேசி முடித்தார்கள். அடுத்த வருஷம் எழுதலாம் என்றார் வாப்பா. இந்த வீட்டுக்கு வந்தபோது மாமியார் இல்லை. ஒன்பது வயதுப் பாறூக் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றான். இவன் கொஞ்சம் வளரட்டும், அடுத்த வருஷம். பிறகு புருஷன் கைவிட்ட ஆஸியா ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். ஆறு மாதம் படுத்த படுக்கை. கைறுன்னிஸாதான் குளிப்பாட்டினாள், தலை வாரினாள், தன் அறையையே விட்டுக் கொடுத்தாள். பிறகு மகன் ஸுஹைல் பிறந்தான். அடுத்த வருஷம்... அடுத்த வருஷம்... பாறூக் ஓ.எல். எழுதிய வருஷம், குசினியில் மீன் கழுவிக்கொண்டே அவனிடம் கேள்வி கேட்டவள் அவள்தான். அவன் எட்டுப் பாடமும் சித்தியடைந்து கந்தோரில் இலிகிதர் வேலைக்குப் போனான். அவள் மீன் கழுவிக்கொண்டே இருந்தாள்.

மனதில் அது தைத்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான். ஸுஹைல் கட்டாருக்குப் போவதற்கு ஏதோ ஒரு படிவம். ஏஜென்சியில் அதை நிரப்பியவன் சின்னப் பையன், அவளைக் கேள்வி மேல் கேள்வி கேட்டான். பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம்... 'தாயின் கல்வித் தகைமை' என்ற இடம் வந்தது. நிமிர்ந்து அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தான். கேட்கவில்லை. அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனான்.

அவ்வளவுதான். ஒருவரும் ஏசவில்லை, சிரிக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கோடு அவள் கண்ணுக்குள் கிடந்தது.

அன்று மாலை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதினாள்: 'இரண்டு வருஷம். ஆறு பாடம். ஒரு நாளைக்கு மூன்று கணக்கு. காய்ச்சல் வந்தாலும் மூன்று கணக்கு.' சட்டை எடுக்கக் கதவைத் திறந்த ஜமால்தீன் அதை வாசித்தார். மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்கிற மனிதர். சட்டையில் எப்போதும் கறுவா வாசம் அடிக்கும்.

"மூணா? ஒரு நாளைக்கு ஒரு கணக்குச் செய்யச் சொன்னாலே நான் வீட்ட விட்டு ஓடிருவேன்!"

"சிரிக்காதிங்க. நான் உண்மையாத்தான் எழுதியிருக்கேன்."

"நான் எங்க சிரிச்சேன்?" என்றவர் அவள் கையிலிருந்த பென்சிலை வாங்கி, கீழே 'சாட்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காணி உறுதிப் பத்திரத்தில் போடுகிற அதே நீட்டல் கையெழுத்து.

அதன் பிறகு ஒரு நாளும் அவள் தவறவில்லை. சுபஹ் தொழுகைக்கு முன் ஒரு கணக்கு. உலையில் அரிசி கொதிக்கும்போது ஒன்று. பின்னேரம் கொடியில் துணி எடுத்து வந்து ஒன்று. பிழைத்தால் பிழைத்ததுதான், ஆனால் மூன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மாத்தளை டவுனில் பெரியவர்களுக்கு ஒரு கணித வகுப்பு நடந்தது. ஆஸியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், ஜமால்தீன் பஸ் வரும் வரை வாசலில் நின்று அனுப்பி வைப்பார்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதியும் ஞாயிற்றுக்கிழமைதான்.

அவள் வகுப்பில் இருந்தாள். வட்டத்தின் பரப்பளவு. பன்னிரண்டரைக்கு வெளியே வந்து போனைப் பார்த்தபோது பதினேழு தவறிய அழைப்புகள்... வீட்டுக்கு வந்தபோது அவரை மண்டபத்தில் கிடத்தி, நாடியைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

"நீ வீட்டுல இருந்திருந்தா அவன் செத்திருக்க மாட்டான்!" கல்யாண வீடொன்றிலிருந்து ஓடி வந்திருந்த ஆஸியா, ஊர் சனம் முழுக்கக் கேட்கக் கத்தினாள். "புருஷனுக்கு நெஞ்சு நோகும்போது தண்ணி குடுக்க ஒரு கை இல்ல! கெழவி வயசுல இவளுக்குப் படிப்பு!"

கைறுன்னிஸாவும் அதையேதான் நினைத்தாள். நாலு மாதமும், நாலு சுவருக்குள்ளே, அதையேதான் நினைத்தாள்.

நாற்பது நாள் அவள் பென்சிலைத் தொடவில்லை. நாற்பத்தோராம் நாள் அலுமாரியைத் திறந்தபோது அந்தக் கையெழுத்து அவளைப் பார்த்தது. சாட்சி வைத்து எழுதிய சொல்... சாட்சி போன பிறகு சொல் இல்லையென்று ஆகிவிடுமா? அன்றைக்கு மூன்று கணக்குச் செய்தாள். மூன்றும் பிழை. கண்ணீரில் எண்கள் கரைந்து போயிருந்தன. மறுநாளும் மூன்று செய்தாள். இரத்தோட்டைத் தோட்டத்திலிருந்து அதே வகுப்புக்கு வருகிற நிஷாந்தி என்ற பெண், ஞாயிறு தோறும் பஸ்ஸை விட்டிறங்கி வந்து, அன்றைய பாடத்தைக் கொப்பியில் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த ஒரு மணி நேரம்தான் கைறுன்னிஸா வாரத்தில் யாரோடாவது மனம் விட்டுப் பேசுவாள்.

மற்ற நேரமெல்லாம் அறை. ஜன்னலுக்கு வெளியே பலாமரத்தில் படர்ந்த மிளகுக்கொடி. தட்டில் மூடி வைத்துவிட்டுப் போகிற சோறு. ஆஸியா ஒரு சொல் பேசமாட்டாள். தட்டை வைக்கிற சத்தத்தில்தான் அவள் கோபத்தின் அளவு தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை காலையும், அனுமதி அட்டையைக் கட்டிலில் எறிந்துவிட்டு ஆஸியா போனாள். பாறூக்கும் கந்தோருக்குப் போய்விட்டான். போகப் போவதில்லை என்று தெரிந்த பிறகும் கைறுன்னிஸா இஸ்லாம் பாடப் புத்தகத்தை எடுத்தாள். முதல் நாள் சமய பாடம். ஏழைகளுக்குக் கொடுக்கும் ஸகாத் பற்றிய பக்கம். 'ஒரு வருடம் என்பது சந்திர ஆண்டைக் குறிக்கும். அது சூரிய ஆண்டைவிட ஏறத்தாழப் பதினொரு நாட்கள் குறைந்தது.'

எத்தனையோ தரம் வாசித்த வரிதான். அன்றைக்கு அது அவளை நிறுத்தியது.

ஸகாத் பிறையைப் பார்த்து. நோன்பு பிறையைப் பார்த்து. அப்படியென்றால்... இத்தா?

சுவரில் பள்ளிவாசல் கலண்டர் தொங்கியது. பாறூக் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்த பன்னிரண்டு. ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் எறும்பு போலச் சின்ன எழுத்தில் பிறைத் தேதி, யாரும் பார்ப்பதில்லை. அவள் தாள்களைப் புரட்டி ஆகஸ்டுக்குப் போனாள். இரண்டாம் தேதி, மூலையில் ஸபர் பதினேழு. விரலை வைத்தபடி வந்தாள். ரபீஉல் அவ்வல் பதினேழு, ஒன்று. ரபீஉல் ஆகிர், இரண்டு. ஜமாதுல் அவ்வல், மூன்று. ஜமாதுல் ஆகிர் பதினேழு, நாலு. மேலே பத்து நாள். ஜமாதுல் ஆகிர் இருபத்தேழு.

விரல் நின்ற கட்டம் டிசம்பர் எட்டு.

நாளைக்கு!

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. போக வேண்டுமென்ற ஆசைதான் இப்படி எண்ணுகிறதோ? புத்தகத்தை மூடி வைத்தாள். முகம் கை கால் கழுவி வுழூ எடுத்து இரண்டு ரக்அத் தொழுதாள். பிறகு வேறு ஆளின் கணக்கைத் திருத்துகிறவள் போல மறுபடி எண்ணினாள். எட்டு. பின்னாலிருந்து முன்னால் எண்ணினாள். எட்டு.

பாறூக் பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது, திரைக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்.

"தம்பி, நீங்க இங்கிலீஸ் மாசத்தால எண்ணியிருக்கிங்க. பிறையால எண்ணணும். அப்பிடி எண்ணினா நாளைக்கு மஃரிபோட முடியிது."

அந்தப் பக்கம் சோறு பிசைகிற சத்தம் நின்றது. ஆனால் பதில் வந்தது குசினியிலிருந்து.

"அடி அல்லாவே! பரீட்சைக்காகப் பிறையையும் வளைக்கிறாளே!" ஆஸியா அகப்பையோடு ஓடி வந்தாள். "ஆம்புளைங்க எண்ணினது பிழ, இவ எண்ணினது சரியாம்!"

"நான் வளைக்கல்ல மதினி. கலண்டர்ல போட்டிருக்கு. மௌலவிட்ட ஒரு தரம் கேட்டுப் பாருங்க தம்பி."

"ஊருக்குச் சொல்லியாச்சி மதினி..." பாறூக்கின் குரல் கம்மியது. "சனிக்கிழமைக்கு நூறு பேருக்கு மேல சொல்லியிருக்கேன். இப்பப் போய், நான் பிழையா எண்ணிட்டேன் எண்டு பள்ளிவாசல்ல நிக்கச் சொல்றிங்களா? கந்தோர்ல வேல செய்யிறவனுக்கு நாலு மாசம் எண்ணத் தெரியாதாம் எண்டு சிரிக்க மாட்டாங்களா?"

"ஒங்களுக்கு வெக்கம். எனக்கு முப்பது வருஷம் தம்பி."

அவன் கை கழுவப் போனான்.

பின்னேரம் கட்டாரிலிருந்து ஸுஹைல் பேசினான். அதற்குள் அங்கேயும் செய்தி போயிருந்தது.

"உம்மா... மாமி அழுறாங்க. வாப்பா மௌத்தாகி இன்னும்... நாலு நாள்தானே உம்மா. பொறுத்துக்கொள்ளுங்களே."

"மகன், கணக்குச் சரியா எண்டு நீயாச்சும் பாத்தியா?"

"கணக்கு சரியோ பிழையோ... இப்ப எதுக்கும்மா பிரச்சின?"

பெற்ற பிள்ளையும் அதே திரைக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறான் என்று அவளுக்கு விளங்கியது. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னது.

ஒரு பெண் இத்தா முடிக்கிற நேரம் வீடு நிறைந்திருக்கும். சொந்தக்காரப் பெண்கள் வந்து சுற்றி உட்காருவார்கள். ஒருத்தி தண்ணீர் வார்ப்பாள், ஒருத்தி புது உடுப்பு நீட்டுவாள், யாராவது மூத்தவள் துஆ ஓதுவாள், எல்லோரும் அழுவார்கள். பிறகு தேத்தண்ணியும் வட்டிலப்பமும் வரும். எத்தனை பேருக்கு கைறுன்னிஸா தண்ணீர் வார்த்திருப்பாள்!

அன்றைக்கு அவள் தனியே தொழுதாள். தனியே குளியலறைக்குப் போய், தன் தலையில் தானே தண்ணீர் வார்த்தாள். தானே துஆ ஓதி, தானே ஆமீன் சொன்னாள். அழக்கூட ஒரு துணை வேண்டும் போலிருந்தது. அழுகை வந்து திரும்பிப் போயிற்று. வெள்ளை உடுப்பைப் பிழிந்து கொடியில் போட்டாள். அலுமாரியிலிருந்து கடும்பச்சை நிறத்தில் ஒரு சல்வாரை எடுத்து உடுத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்றாள். நாலு மாதத்துக்குப் பிறகு நிறம். யாரோ ஒரு விருந்தாளி வந்து நிற்பது போலிருந்தது. "வாங்க, உட்காருங்க" என்று சொல்லவும் வீட்டில் ஆளில்லை.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் அறைத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அபாயா, கறுப்பு முந்தானை, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பேனையும் அட்டையும்.

வாசலை மறித்துக்கொண்டு ஆஸியா நின்றாள்.

"என்னத் தாண்டிப் போ."

"மதினி, வழி விடுங்க. நேரமாகுது."

"அண்டைக்கும் இப்பிடித்தான் நேரமாகுதுண்டு ஓடின! வரும்போது மையத்துத்தான் இருந்திச்சி. இண்டைக்கு நான் செத்துக் கெடக்கிறதப் பாக்கத் திரும்பி வருவியா?"

கைறுன்னிஸாவுக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. உட்கார்ந்தால் வீடு அமைதியாகிவிடும், சனிக்கிழமை நூறு பேரும் வந்து அவளை நல்லவள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அடுத்த வருஷம் என்பார்கள்.

"இத்தாவ நான் முறிக்கல்ல மதினி. முடிச்சிட்டுத்தான் போறேன்," என்றாள். குரல் உடைந்தாலும் சொல் உடையவில்லை. "அல்லாஹ்வுக்குச் சொல்ல வேண்டிய நாள ஒண்டு விடாம இருந்திருக்கேன். ஒங்களுக்கு என்ன செய்ய வேணுமோ அதையும் இத்தன வருஷமா செஞ்சிருக்கேன். எனக்கெண்டு நான் சொன்ன சொல் ஒண்டுதான் மிச்சம் இருக்கு. அத மட்டும் செய்ய விடுங்க."

ஆஸியா விலகவில்லை. கைறுன்னிஸா அவள் தோளில் உரசிக்கொண்டு, பக்கவாட்டில் நுழைந்து, படியிறங்கினாள்.

"போ! போய் எழுது! பாறூக் இப்பவே பள்ளிக்குப் போவான். மௌலவி வாயாலயே ஒன்ட மானத்த வாங்குறேன்!"

அந்தக் குரல் பஸ் தரிப்பிடம் வரை அவளைத் துரத்தி வந்தது.

பரீட்சை மண்டப வாசலில் நிஷாந்தி நகம் கடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா! நீங்க வர மாட்டீங்கன்னுதான் நெனச்சேன்! அஞ்சு மணி பஸ்ஸுல வந்து நிக்கிறேன். ஒங்களப் பாத்ததும்தான் உசிரே வந்துச்சி." மண்டபத்துக்குள் நுழைந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் மூன்று பேர் எழுந்து "குட் மோர்னிங் டீச்சர்" என்றார்கள். நிஷாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இருங்க புள்ளைங்களா, டீச்சருக்கும் ஒங்களப் போலத்தான் பரீட்சைச் சுட்டெண் இருக்கு!"

கைறுன்னிஸா எழுதினாள். ஒரு கேள்வியில் மட்டும் மனம் இருண்டு போயிற்று. எவ்வளவோ யோசித்தாள், வரவில்லை. இடத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

வெளியே வந்தபோது வாசல் முழுக்கத் தாய்மார். ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு தாய் பிடித்துக்கொண்டாள். "எப்பிடி மகள்? லேசா? எல்லாம் எழுதினியா?" நிஷாந்தியின் அம்மாவும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாமல் வந்து, ஒரு போத்தல் தண்ணீரோடு நின்றாள். கைறுன்னிஸா அந்தக் கூட்டத்துக்குள்ளே நடந்து வெளியே வந்தாள். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. யார் கேட்பது? கேட்கிற மனிதர் பள்ளிவாசல் மையவாடியில், வேலியோரத்தில், ஒரு மருதோன்றிச் செடிக்குக் கீழே கிடக்கிறார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் அவளுக்கு அழுகை வந்தது. நேற்றுத் திரும்பிப் போனதெல்லாம் சேர்ந்து வந்தது.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. மண்டபத்தில் பாறூக் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான். நாலு மாதத்துக்குப் பிறகு அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். மெலிந்து, தாடி நரைத்து, பத்து வயது கூடியவன் போலிருந்தான்.

"மௌலவிட்டப் போனேன் மதினி..." தரையைப் பார்த்தபடி சொன்னான். "கலண்டர விரிச்சாரு. ரெண்டு நிமிஷம்தான். 'எட்டாம் தேதி மஃரிபோட முடிஞ்சிரிச்சே பாறூக். இங்கிலீஸ் மாசத்துல யாருடா இத்தா எண்ணினது?' எண்டு கேட்டாரு. நான்தான் எண்டு சொன்னேன்."

குசினி வாசலில் ஆஸியா நின்றாள். தோற்றவள் முகமாக இல்லை அது, விடாப்பிடியாகத்தான் இருந்தது.

"சரி, கணக்கு ஒன்ட பக்கம்," என்றாள். "நான் படிக்காதவ, பிழை எண்டே வை. ஆனா அந்த ஞாயித்துக்கிழமைக்கு எந்த மௌலவி பதில் சொல்லுவாரு? அண்டைக்கு நீ வீட்டுல இருந்திருந்தா..."

"போதும் தாத்தா!"

பாறூக் கத்திய கத்தலில் கூரையில் இருந்த புறா எழுந்து பறந்தது.

"போதும்! நாலு மாசமா நீங்க இவங்களக் குத்தினது ஒவ்வொண்டும் எனக்கு விழவேண்டியது. ஜமால்தீன் நானா அண்டைக்கு ஒம்பது மணிக்கு எனக்குக் கோல் எடுத்தாரு. நெஞ்சு இறுக்குது பாறூக், வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம் எண்டாரு. நானும் அந்தக் கல்யாண வீட்டுல, ஆம்புளைங்க பக்கம் இருந்தேன்... வயித்துக் கேஸா இருக்கும் நானா, இஞ்சித் தண்ணி குடிங்க, சாப்பாடு முடிஞ்சதும் வாறேன் எண்டேன்." அவன் முகத்தை மூடிக்கொண்டான். "மதினியக் கூப்பிடுங்க எண்டும் சொன்னேன். வேணாம், அவளுக்குச் சொல்லாத, சொன்னா வகுப்ப விட்டுட்டு ஓடி வருவா எண்டாரு. காலையில இருந்தே நோவு இருந்திச்சாம். இவங்க பஸ் ஏறுற வரைக்கும் கதவப் பிடிச்சிட்டு சிரிச்சிட்டு நிண்டாராம்... நான் போய்ச் சேரும்போது பன்னெண்டு மணி."

ஆஸியா குசினி வாசலிலிருந்து இரண்டு அடி முன்னால் வந்தாள்.

"இத இவ்வளவு நாளும் வயித்துக்குள்ள வச்சிட்டா இருந்த?" ஆஸியாவின் குரல் கீழே இறங்கியது. "நான் இவள... நான் இவள மையத்து வீட்டுல, ஊர் பாக்க..."

கைறுன்னிஸாவுக்கு அவர்கள் பேசியது பாதிதான் கேட்டது. அவள் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குப் போயிருந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர். பஸ் போயிரும், வேகமாப் போ என்றவர். நெற்றியில் வியர்வை இருந்ததே... வெயில் என்றல்லவா நினைத்தாள்! குற்றமில்லை என்று ஆகிவிட்டால் பாரம் இறங்கும் என்று நாலு மாதம் நினைத்திருந்தாள். இறங்கவில்லை. அது வேறு பாரமாக மாறி உட்கார்ந்துகொண்டது. தன்னை இவ்வளவு விரும்பிய ஒருவர் இந்த உலகத்தில் இனி இல்லை என்கிற பாரம்.

பாறூக் அவள் முன்னால் கை கட்டி நின்றான். "மன்னிச்சேன் எண்டு ஒரு சொல் சொல்லுங்க மதினி. இல்லாட்டி ஏசுங்க. பேசாம நிக்காதிங்க..."

அவள் அவனைப் பார்த்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டு நின்ற ஒன்பது வயதுப் பிள்ளைதான் தெரிந்தான்.

"ஒங்க நானா மன்னிச்சிருப்பாரு," என்றாள். "எனக்குக் கொஞ்ச நாள் வேணும் தம்பி. பொய்யாச் சொல்ல ஏலாது. அதுவரைக்கும் ஒரு வேல செய்ங்க. சனிக்கிழமைக்குச் சொன்ன வீடெல்லாம் போய், கணக்குப் பிழைச்சது நான்தான், மதினி இத்தாவ ஒழுங்கா முடிச்சிட்டாங்க எண்டு நீங்களே சொல்லுங்க."

அவன் தலையாட்டினான். அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

ஆஸியா அந்த இடத்திலேயே, நிலத்தில், சரிந்து உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். "படுக்கையில கெடந்தவள அள்ளித் தூக்கினவ நீ... ஒனக்கு நேத்து ஒரு வாளி தண்ணி வாக்க என்ட கை வரல்லயே... நான் மனுசியா?"

கைறுன்னிஸா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கட்டிப்பிடிக்க உடனே மனம் வரவில்லை. உட்கார மட்டும்தான் முடிந்தது. ஆஸியாதான் திரும்பி, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அந்தப் பெயரை இந்த வீட்டில் வேறொருவர் அழுகையோடு சொல்வதைக் கேட்டபோது கைறுன்னிஸாவின் கையும் தானாக எழுந்து அந்த முதுகைச் சுற்றியது. ஒரே மனிதருக்காக இரண்டு பேரும் நாலு மாதமாகச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தனித்தனியே அழுதிருக்கிறார்கள்!

அழுது ஓய்ந்த பிறகு ஆஸியா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"பரீட்சையில என்ன கேட்டாங்க?"

கைறுன்னிஸா நிமிர்ந்தாள்.

"சொல்லு புள்ள. எனக்கு வெளங்காட்டியும் பரவால்ல. என்ன கேட்டாங்க?"

கைறுன்னிஸா பிளாஸ்டிக் உறையிலிருந்து வினாத்தாளை எடுத்தாள். மடிப்பை நீவிவிட்டு முதலாவது கேள்வியை வாசித்தாள். ஆஸியா கேட்டாள். இரண்டாவது, மூன்றாவது. ஏழாவதில் நின்றாள்.

"இது எனக்கு வரல்ல. விட்டுட்டேன். ஸகாத் வாங்கத் தகுதியானவங்க எத்தன கூட்டம், பேரைச் சொல்லுண்டு."

"எட்டு!" ஆஸியாவின் கண் விரிந்தது. "எட்டுக் கூட்டம்! இதயா விட்டுட்டு வந்த? மொக்கி! சின்ன வயசுல வாப்பா எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்திருக்காரே!" ஈரக் கையின் விரல்களை மடக்கி ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள். "பக்கீர், மிஸ்கீன், ஸகாத் சேக்கிறவங்க..." ஆறாவதில் தடுமாறினாள். கைறுன்னிஸாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆறாவதை அவள் சொன்னாள். மற்ற இரண்டையும் ஆஸியா முடித்தாள்.

வெளியே வெயில் சாய்ந்து, மிளகுக்கொடியின் நிழல் மண்டபத்துக்குள் வந்திருந்தது. பகல் சோறு இன்னும் அடுப்பில் ஏறவில்லை.

"நாளை மறுநாள் கணக்குப் பாடம் மதினி. நான் போய்க் கொஞ்சம் செய்யணும்."

"செய்யலாம். சோறாக்கித் தாறேன், திண்டுட்டுச் செய்." ஆஸியா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "முதல்ல இத முடி. எட்டாவது என்ன?"

கைறுன்னிஸா எட்டாவது கேள்வியை வாசித்தாள்.